நிறத்தை மாற்றும் கட்டளையை நாமே எழுதுவோம்



வேதியியல் ஆய்வகத்தில் பொது நிறங்காட்டியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். எலுமிச்சைச் சாற்றில் அதன் சில சொட்டுகளை விட்டால் சாறு சிவப்பாகிறது. தூய நீர் பச்சையாகிறது. சோப்புக் கரைசல் நீலமாகிறது. காஸ்டிக் சோடாக் கரைசல் ஊதாவாகிறது. இந்தச் சோதனையில் நகரும் முள்ளும் இல்லை, கோடு போட்ட அளவுகோலும் இல்லை. நிறம்தான் இங்கே அளவுகோல். நீலம் என்றால் பிஎச் மதிப்பு 9 அல்லது 10 என்கிறோம். அடர்ந்த ஊதா என்றால் 12, 13 என்கிறோம். பிஎச் மதிப்பு 3 படி ஏறினால் கரைசலில் ஹைட்ராக்சைடு அயனிகளின் செறிவு 1000 மடங்கு ஏறுகிறது. நீலம் காட்டும் சோப்பு நீரில் நாள்தோறும் கை கழுவுகிறோம். அடர்ந்த ஊதா காட்டும் காஸ்டிக் சோடாவோ தோலைப் புண்ணாக்கிவிடும்.

இந்த நிற அட்டவணையை உங்கள் பள்ளியின் அறிவியல் மலரில் அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். கணிப்பொறித் திரையில் நீலக் கட்டமும் ஊதாக் கட்டமும் நன்றாக வேறுபட்டுத் தெரிகின்றன. கோப்பை அச்சகத்தில் கொடுக்கிறீர்கள். மலர் அச்சாகி வருகிறது. அதில் நீலம் ஊதாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு கட்டங்களையும் பிரித்தறிவதே கடினமாக இருக்கிறது. படத்தின் அழகு கெட்டது ஒருபுறம் இருக்கட்டும். அட்டவணை தவறான செய்தியை அல்லவா சொல்கிறது? அதைப் பார்த்துப் படிக்கும் ஒருவர் 1000 மடங்கு பிழை செய்ய இடம் கொடுத்துவிட்டோமே!

இதற்கு யார் பொறுப்பு? அச்சகத்தாரா, கணிப்பொறியா, மையா? என் கருத்து இதுதான்: திரையில் உள்ள படத்தை அச்சுக்கு ஏற்றபடி மாற்றுவது ஓர் அறிவியல் செய்முறை. மற்றச் செய்முறைகளைப் போலவே இதையும் எழுதிவைத்து, சரிபார்த்துச் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதைவிட, கட்டளையை நாமே எழுதி இயக்கும் முறைதான் மாணவர்களுக்கு ஏற்றது. ஏன் என்று பார்ப்போம்.

திரையின் நிறமும் தாளின் நிறமும்

திரை ஒளியைத் தருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை வெவ்வேறு அளவில் கூட்டி எல்லா நிறங்களையும் உண்டாக்குகிறது. மூன்றும் முழு அளவில் சேர்ந்தால் வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். ஆக மொத்தம் 1,67,77,216 சேர்க்கைகள். இதை ஆர்ஜிபி முறை என்பார்கள்.

தாள் ஒளியைத் தருவதில்லை. தன்மேல் விழும் வெள்ளொளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் பூசிய மை, ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. சயான் மை சிவப்பொளியை விழுங்கும். மெஜந்தா மை பச்சையொளியை விழுங்கும். மஞ்சள் மை நீலவொளியை விழுங்கும். ஆகவே அச்சு என்பது கழித்தல் கணக்கு. இந்த மூன்று மைகளுடன் கறுப்பையும் சேர்த்து நான்கு தகடுகளால் அச்சிடுவதே நான்கு வண்ண அச்சு. இதை சிஎம்ஒய்கே முறை என்பார்கள். கடைசி எழுத்தான ‘கே’ கறுப்புத் தகட்டைக் குறிக்கிறது. மற்ற மூன்று தகடுகளையும் பொருத்திப் பார்க்க உதவும் திறவுகோல் தகடு என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது.

மூன்று வண்ண மைகளும் முழுமையாக வேலை செய்தால் கறுப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மைகள் அவ்வளவு தூயவை அல்ல என்பதே விடை. மெஜந்தா மை பச்சையொளியை மட்டுமின்றி நீலவொளியிலும் ஒரு பங்கை விழுங்குகிறது. சயான் மையும் சிவப்போடு நிற்காமல் பச்சையிலும் நீலத்திலும் சிறிது விழுங்குகிறது. ஆகவே மூன்றையும் சம அளவில் கலந்தால் சாம்பல் நிறம் வருவதில்லை, ஒருவகைப் பழுப்புதான் வருகிறது. நடுத்தரமான சாம்பல் வேண்டுமானால் சயான் 50 சதவீதம், மெஜந்தா 40, மஞ்சள் 40 என்பதுபோல் சயானைச் சற்றுக் கூட்ட வேண்டும். அச்சுத் தொழிலில் இது நன்கு அறியப்பட்ட கணக்கு.

நம் நீலக் கட்டத்திற்கு வருவோம். திரையின் நீலம் என்பது தனி நீலவொளி. தாளில் அதற்கு நேரான மை இல்லை. சயானையும் மெஜந்தாவையும் கலந்துதான் நீலத்தை உண்டாக்க வேண்டும். இரண்டையும் முழு அளவில் பூசினால் இரண்டுமாகச் சேர்ந்து நீலவொளியிலும் கணிசமான பங்கை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சுவது ஊதா சாயல் கொண்ட இருண்ட நீலம். அதன் தூய்மை திரை நீலத்தின் தூய்மையில் பாதிகூட இல்லை. திரையின் பளிச்சிடும் பச்சைக்கும் இதே கதிதான்.

இன்னொரு வியப்பும் உண்டு. நல்ல ஆர்ட் பேப்பரில் முழு அளவில் அச்சிட்ட சயான் நிறத்தைச் சாதாரணத் திரையால் சரியாகக் காட்ட முடியாது! திரைக்கு எட்டாத நிறங்கள் தாளிலும் சில உண்டு. நான்கு மைகளுக்கும் 256 படிகள் வைத்தால் 4,29,49,67,296 சேர்க்கைகள் வருகின்றன. திரையின் எண்ணிக்கையைவிட இது 256 மடங்கு. ஆனால் சேர்க்கைகள் கூடியதால் நிறங்கள் கூடிவிடவில்லை. பல சேர்க்கைகள் ஒரே நிறத்தைத் தருகின்றன. மொத்தத்தில் தாள் காட்டும் நிறப்பரப்பு திரை காட்டுவதைவிடச் சிறியதே.

ஆகவே மாற்றத்தில் இழப்பு நிச்சயம். எதை இழப்பது, எதைக் காப்பது என்று யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். பொத்தானை அழுத்தினால் அந்த முடிவை வேறு யாரோ நமக்காக எடுத்துவிடுகிறார்கள்.

கட்டளையால் இயங்கும் ஒரு கருவி

கணிப்பொறியில் சுட்டியைத் தொடாமல், எழுத்தால் கட்டளை கொடுத்துப் படங்களை மாற்றும் கருவிகள் உண்டு. அவற்றில் புகழ்பெற்றது இமேஜ்மேஜிக். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி என்பவர் 1987இல் இதை எழுதத் தொடங்கினார். அன்றைய திரைகள் பல, ஒரே நேரத்தில் 256 நிறங்களையே காட்ட வல்லவை. ஆனால் படங்களிலோ 1 கோடியே 67 லட்சம் நிறங்களுக்கு இடமிருந்தது. பெரிய நிறக் கூட்டத்தைச் சிறிய இடத்தில் அடக்குவது எப்படி என்ற சிக்கலுக்கு விடையாகவே இக்கருவி பிறந்தது. நம்முடைய அச்சுச் சிக்கலும் அதே இனத்தைச் சேர்ந்தது அல்லவா? 1990இல் இது இலவசமாக வெளியிடப்பட்டது. இன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணிப்பொறிகளிலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

இதன் ஏழாம் பதிப்பில் கட்டளை ‘மேஜிக்’ என்ற சொல்லுடன் தொடங்கும். அதன்பின் மூலப் படத்தின் பெயர், செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக, கடைசியில் புதிய படத்தின் பெயர். இவ்வளவுதான் இலக்கணம். வேலைகள் எழுதிய வரிசையிலேயே நடக்கும். ஆகவே வரிசை முக்கியம்.

வேலையைத் தொடங்குமுன் ‘ஐடென்டிஃபை’ என்ற துணைக்கட்டளையால் படத்தை விசாரிக்க வேண்டும். படத்தின் நீள அகலம் எத்தனை பிக்சல், அது ஆர்ஜிபியா சிஎம்ஒய்கேயா, நிறக் குறிப்பு ஏதேனும் அதில் பொதிந்துள்ளதா என்பவற்றை அது சொல்லிவிடும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 பிக்சல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 3000 பிக்சல் அகலமுள்ள படத்தை 10 அங்குல அகலத்தில் அச்சிடலாம். 600 பிக்சல் உள்ளதை 2 அங்குலத்திற்குமேல் பெரிதாக்கக் கூடாது. கோப்பில் ‘72’ என்று எழுதியிருப்பதை ‘300’ என்று திருத்துவதால் மட்டும் படத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடிவிடாது. பையின்மேல் ஒட்டிய எடைச் சீட்டை மாற்றினால் உள்ளே உள்ள அரிசி கூடுமா?

ஒரே சொல்லில் முடிக்கலாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டளையை எழுதிவிட்டதாலேயே அறிவியல் வந்துவிடாது. இமேஜ்மேஜிக்கில் ‘நிறமுறையை சிஎம்ஒய்கே ஆக்கு’ என்று ஒரே வேலையாகச் சொல்லிவிடலாம். கருவி உடனே மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் எப்படி மாற்றுகிறது தெரியுமா? வெறும் எண்கணிதத்தால்.

நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு மனித முகத்தின் பழுப்பு நிறத்தை எடுத்துக்கொள்வோம்: சிவப்பு 200, பச்சை 140, நீலம் 110. ஒவ்வொன்றையும் 255இலிருந்து கழித்து 255ஆல் வகுத்தால் சயான் 22 சதவீதம், மெஜந்தா 45, மஞ்சள் 57 என்று கிடைக்கும். இம்மூன்றில் மிகச் சிறியது 22. அதைக் கறுப்பு என்று வைத்து, மூன்றிலிருந்தும் கழித்து, எஞ்சிய 78 சதவீதத்தால் வகுத்தால் சயான் 0, மெஜந்தா 30, மஞ்சள் 45, கறுப்பு 22 என்று முடிகிறது. அதாவது முகத்தின் நிழல்களையெல்லாம் கறுப்பு மையே தாங்குகிறது! அச்சிட்டால் முகத்தில் கரிப்பொடி தூவியதுபோல் இருக்கும். நம் நீலக் கட்டத்திற்கோ சயான் 100, மெஜந்தா 100 என்று இதே கணக்கு விடை தரும். அது ஊதாவுக்குச் சாயும் என்று மேலே கண்டோம். இந்தக் கணக்கிற்கு மையைப் பற்றியும் தெரியாது, தாளைப் பற்றியும் தெரியாது.

சரியான வழி, புரொஃபைல் எனப்படும் நிறக் குறிப்பேட்டைப் பயன்படுத்துவது. ஒரு குறிப்பிட்ட அச்சு முறையில், குறிப்பிட்ட தாளில், இவ்வளவு மை இட்டால் கண்ணுக்கு இன்ன நிறம் தெரிகிறது என்று நூற்றுக்கணக்கான கட்டங்களை அச்சிட்டுக் கருவியால் அளந்து தயாரித்த அட்டவணை அது. திரைக்கும் இத்தகைய குறிப்பேடு உண்டு. பெரும்பாலான திரைகளுக்கும் காமிராக்களுக்கும் பொதுவான ‘எஸ்ஆர்ஜிபி’ என்ற வரையறையை 1996இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்தன. குறிப்பேடுகள் எல்லாம் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பதற்காக 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை நிறுவின. எல்லாக் குறிப்பேடுகளுக்கும் அடிப்படை, மனிதக் கண் நிறத்தை எப்படி உணர்கிறது என்று 1931இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்த அளவீட்டு முறையே.

ஆக, முறையான கட்டளை இப்படி அமையும்: முதலில் மூலப் படம். படத்தில் நிறக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்ததாக எஸ்ஆர்ஜிபி குறிப்பேட்டின் பெயர். அதன்பின் மாற்றம் எந்த நோக்கில் நடக்க வேண்டும் என்ற குறிப்பு. அதன்பின் அச்சகத்தின் குறிப்பேடு. கடைசியில் புதிய படத்தின் பெயர். இந்தப் படத்தின் எண்கள் எந்த மொழியில் பேசுகின்றன என்று முதல் குறிப்பேடு சொல்கிறது. எந்த மொழிக்கு மாற்ற வேண்டும் என்று இரண்டாவது சொல்கிறது. முதலாவதை விட்டுவிட்டால் கருவி ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

புதிய படத்தை டிஃப் வடிவில் சேமிப்பது நல்லது. பிஎன்ஜி வடிவத்தில் சிஎம்ஒய்கே படத்திற்கு இடமே இல்லை. ஜேபெக் வடிவமோ ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் நுணுக்கங்களில் சிலவற்றை உதிர்த்துவிடும்.

எதை இழப்பது?

கட்டளையில் ‘நோக்கு’ என்று ஒன்று வந்ததல்லவா? அதைச் சற்று விளக்க வேண்டும். பெரிய வகுப்பறையில் பரவலாக அமர்ந்திருக்கும் மாணவர்களைச் சிறிய அறைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். எல்லாரும் சிறிது சிறிதாக நெருங்கி அமரலாம். யாருக்கும் பழைய இடம் இல்லை, ஆனால் யாருக்குப் பக்கத்தில் யார் என்ற ஒழுங்கு மாறாது. அல்லது, சிறிய அறையின் எல்லைக்குள் ஏற்கெனவே இருப்பவர்கள் அசையாமல் இருக்க, வெளியே இருப்பவர்கள் மட்டும் வந்து சுவரோரம் ஒட்டி நிற்கலாம்.

நிறங்களுக்கும் இப்படித்தான். முதல் முறையைப் ‘பர்செப்சுவல்’ என்றும், இரண்டாவதை ‘ரிலேட்டிவ்’ என்றும் சொல்வார்கள். இவை தவிர இன்னும் இரண்டு உண்டு. மயில் கழுத்தின் படத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே உள்ள நுண்ணிய படிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காக்க வேண்டுமானால் முதல் முறை உதவும். மண் மாதிரிகளின் படத்தில் பெரும்பாலான நிறங்கள் தாளின் எல்லைக்குள்ளேயே இருக்கும். அவற்றை இருந்தபடியே வைக்க வேண்டுமானால் இரண்டாவது முறையே ஏற்றது. எது சரி என்று கணிப்பொறிக்குத் தெரியாது. அந்தப் படம் எதைச் சொல்வதற்காக அச்சாகிறது என்று அறிந்தவர்களுக்கே தெரியும். அது நீங்கள்தான்.

தாளையும் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் நான்கு மைகளையும் முழுதாக இட்டால் 400 சதவீதம் மை. அவ்வளவையும் எந்தத் தாளும் தாங்காது. மை உலராமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பர் சுமார் 300 முதல் 330 சதவீதம் வரை தாங்கும். செய்தித்தாள் 240 சதவீத அளவோடு நின்றுவிடும். மேலும், மை தாளில் ஊறிப் பரவுவதால் 50 சதவீதம் என்று இட்ட புள்ளி 60 சதவீதத்தையும் தாண்டி அச்சாகும். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் இந்தப் பரவல் இன்னும் அதிகம். இவையெல்லாம் குறிப்பேட்டில் அடங்கியுள்ளன. ஆகவே ஆர்ட் பேப்பரின் குறிப்பேட்டை வைத்து மேப்லித்தோவில் அச்சிட்டால் படம் இருண்டு போவதில் வியப்பில்லை.

படம் வேறு, வரைபடம் வேறு

புகைப்படங்களுக்குக் குறிப்பேட்டு முறை மிகச் சிறந்தது. ஆனால் நாமே வரைந்த அட்டவணைக்கும் வரைபடத்திற்கும் அது போதாது. திரையின் கறுப்பைக் குறிப்பேட்டின்படி மாற்றினால் நான்கு மைகளும் சேர்ந்த கறுப்பு வரும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு குறிப்பேட்டின்படி சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. கூட்டிப் பாருங்கள், சரியாக 300! புகைப்படத்தின் நிழலுக்கு இது அழகு. சிறிய எழுத்துக்கோ ஆபத்து. நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தோன்றிப் படிக்க முடியாமல் செய்துவிடும். எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் கறுப்பு மை மட்டுமே இருக்க வேண்டும்.

நிறங்காட்டி அட்டவணைக்கு வருவோம். அதன் கட்டங்களை ஆர்ஜிபியில் வரைந்து மாற்றுவதைவிட, மை அளவுகளையே நேராகக் கொடுத்து வரைவது மேல். நீலம் நீலமாக இருக்க வேண்டுமானால் மெஜந்தா, சயானைவிடக் குறைந்தது 30 சதவீதம் குறைவாக இருக்கட்டும். சயான் 100, மெஜந்தா 65 என்று நீலத்திற்கும், இரண்டும் ஏறக்குறைய சமம் என்று ஊதாவிற்கும் வைத்தால் இரண்டும் தாளில் பிரிந்து நிற்கும். கட்டத்தின் பக்கத்தில் பிஎச் எண்ணையும் அச்சிட்டுவிடுங்கள். நிறம் சற்றுத் தவறினாலும் எண் காப்பாற்றும்.

எழுத்தும் படமும் கலந்த முழுப் பக்கத்தை இமேஜ்மேஜிக்கிடம் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் பக்கத்தை அது புள்ளிகளாக உடைத்துவிடும். எழுத்தின் கூர்மை போய்விடும். படங்களை மட்டும் மாற்றிப் பக்கத்தில் பொருத்துவதே முறை.

மறுப்பவர்களுக்கு விடை

‘இது அச்சகத்தாரின் வேலை. மாணவர்களுக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். அச்சகத்தாரின் அனுபவத்தை மதிக்க வேண்டியதே. எந்தக் குறிப்பேடு, எந்தத் தாள் என்று அவர்களைக் கேட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ‘நிறக் குறிப்போடு ஆர்ஜிபி படமாகவே கொடுங்கள், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்’ என்று அவர்கள் சொன்னால் அப்படியே கொடுக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் வேறு வேறு என்பது ஏன் இன்றியமையாதது என்று அவர்களுக்கு யார் சொல்வது? படத்தின் பொருளை அறிந்தவர் சொல்லாவிட்டால் சிவகாசியின் மிகச் சிறந்த அச்சகத்தாலும் ஊகிக்க முடியாது.

‘கட்டளை முறையில் படத்தைக் கண்ணால் பார்க்க முடியாதே, சுட்டியால் இயங்கும் செயலிகளில் எல்லாம் திரையிலேயே தெரிகிறதே’ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஒரு படத்தின் ஒரு மூலையைத் திருத்துவதற்குச் சுட்டியே வசதி. கண்ணால் பார்க்காமல் எந்தப் படத்தையும் அனுப்பவும் கூடாது. ஆனால் சுட்டியால் செய்த வேலைக்குச் சான்று எங்கே? எந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது அடுத்த நாளே மறந்துவிடும். கட்டளை அப்படியல்ல. மூலம் எது, குறிப்பேடு எது, நோக்கு எது என்று எல்லாம் ஒரே வரியில் நிற்கிறது. நிறம் தவறினால் அந்த வரியைப் படித்துத் தவறு எங்கே என்று காணலாம். ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி இயக்கலாம். 40 படங்களுக்கும் அதே வரியைப் பயன்படுத்தலாம். வேறு ஊரில் உள்ள நண்பர் அதே பதிப்பையும் அதே குறிப்பேடுகளையும் வைத்து இயக்கினால் அதே விடையைப் பெறுவார்.

ஆய்வகக் குறிப்பேட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று எழுதுகிறோமே, அதைப் போன்றதுதான் இதுவும். செய்முறையை எழுதிவைப்பதன் பெருமைக்கு வண்ணப்படத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1861இல் லண்டன் ராயல் நிறுவனத்தில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தாமஸ் சட்டன் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒளியால் வீழ்த்தி, ஒரு வண்ண நாடாவின் படத்தைக் காட்டினார். ஆனால் அன்றைய படத்தகட்டில் பூசியிருந்த மருந்து சிவப்பொளியை உணரவே உணராது! பின் சிவப்பு எப்படிப் பதிந்தது? வடிகட்டிகளாக எந்தெந்த உப்புக் கரைசல்களைப் பயன்படுத்தினார்கள் என்பது எழுதப்பட்டிருந்தது. அதனால் 100 ஆண்டுகள் கழித்து, 1961இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவான்ஸ் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து காரணத்தைக் காட்ட முடிந்தது. நாடாவின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் எதிரொளித்தது. சிவப்பு வடிகட்டி அதையும் உள்ளே விட்டது. படத்தகடு பதிவு செய்தது அந்தக் கதிரைத்தான். செய்முறை எழுதப்படாமல் இருந்திருந்தால் இந்தப் புதிர் அவிழ்ந்திருக்குமா?

நீங்களே செய்து பாருங்கள்

அச்சகம் இல்லாமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பல நிறப் பூக்கள் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைப் பிரதி எடுத்துவிடுங்கள். ‘மாக்ரிஃபை’ என்ற துணைக்கட்டளை பல படங்களை ஒரே நேரத்தில் மாற்றவல்லது. ஆனால் தனி அடைவைக் காட்டாவிட்டால் மூலப் படத்தின்மேலேயே எழுதிவிடும். ஆகவே தொடக்கத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

படத்தை எஸ்ஆர்ஜிபியிலிருந்து ஓர் அச்சுக் குறிப்பேட்டிற்கு மாற்றுங்கள். ஜெர்மனியின் ஃபோக்ரா ஆய்வு நிறுவனத்தின் அளவீடுகளைக் கொண்டு தயாரித்த குறிப்பேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு அதை மீண்டும் எஸ்ஆர்ஜிபிக்கே கொண்டுவாருங்கள். இப்போது மூலப் படத்தையும் திரும்பி வந்த படத்தையும் ‘கம்பேர்’ என்ற துணைக்கட்டளையால் ஒப்பிடுங்கள். மாறிய பிக்சல்களை அது சிவந்த நிறத்தில் காட்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றங்களைப் பொருட்படுத்தாதபடி ஒரு வரம்பையும் வைக்கலாம். எந்தப் பூ தப்பியது, எந்தப் பூ இழந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நோக்கை மட்டும் மாற்றித் திரும்பச் செய்யுங்கள். செய்தித்தாளுக்கான குறிப்பேட்டை வைத்து மூன்றாம் முறை செய்யுங்கள். மூன்று கட்டளைகளையும் மூன்று முடிவுகளையும் நோட்டுப் புத்தகத்தில் அடுத்தடுத்து எழுதுங்கள்.

உங்கள் பள்ளியின் அடுத்த அறிவியல் மலரைத் தயாரிக்கும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு வண்ணப் படத்திற்கும் அது எந்தக் கட்டளையால் மாற்றப்பட்டது என்ற குறிப்பு பள்ளியில் இருக்கட்டும். மலர் அச்சாகி வந்ததும் ஒரு கட்டத்தில் நிறங்காட்டி சேர்த்த சோப்புக் கரைசலைப் பகல் வெளிச்சத்தில் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் உங்கள் கட்டளை சரி. பொருந்தாவிட்டாலும் கவலை வேண்டாம். எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று உங்கள் நோட்டுப் புத்தகமே சொல்லும்.